சைக்கிள்தான் ஓட்டத் தெரியுமே, அப்புறம் எதுக்கு கிளினிக்?

"சனிக்கிழமை மவுன்டன் பைக் கிளினிக் போறோம்மா" என்று போனில் சொன்னதும் ஆம்பூரிலிருந்து அம்மா பதறிப்போய்க் கேட்டது: "யாருக்குடி என்ன ஆச்சு?" பைக் என்றால் புல்லட், கிளினிக் என்றால் டாக்டர். நம்மூர்க் கணக்கு அது. இந்தக் கிளினிக்கில் ஊசி கிடையாது. கரடுமுரடான பாதையில் சைக்கிள் ஓட்ட ஒன்றிரண்டு நாள் சொல்லித்தருவார்கள், அவ்வளவுதான்.

பெங்களூர் அல்சூரில் ஒரே மாடியில் குடியிருக்கும் நாங்கள் நாலு பேர் போனோம். நாலு பேரும் சின்ன வயதில் குரங்கு பெடல் அடித்தவர்கள். 'நமக்குத் தெரியாததா' என்ற மிதப்பு வேறு. போன பிறகுதான் புரிந்தது, இத்தனை வருஷமாக சீட்டை விட்டு எழாமல் ஓட்டிப் பழகியதுதான் சிக்கலே என்று. முதல் தடவை போகிறவர்களுக்காக, நாங்கள் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

வண்டியும் ஹெல்மெட்டும் அவர்களே தருவார்களா? ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? ஆறு பேருக்கு மேல் என்றால் நான் யோசிப்பேன். உங்கள் முறை வருவதற்குள் வெயில் ஏறிவிடும். காட்டுக்குள் கூட்டிப்போவதாகச் சொன்னால், வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நாங்கள் போனது தேவனஹள்ளி தாண்டி, நந்தி மலைப் பக்கம், தனியாருக்குச் சொந்தமான ஒரு தைலமரத் தோப்பு. அதனால் அந்தத் தலைவலி இல்லை.

மாதம் முக்கியம். மழைக்காலத்தில் செம்மண் டயரில் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை போனால் நல்லது.

2. வெள்ளிக்கிழமை ராத்திரி

சொந்த வண்டி கொண்டு போகிறவர்கள் டயரில் காற்றைப் பாருங்கள். தார் ரோட்டுக்கு அடிக்கிற மாதிரி கல்லாக அடித்தால் பாறையில் வண்டி துள்ளும். டியூப் உள்ள டயர் என்றால் 30 பி.எஸ்.ஐ.யை ஒட்டி, உங்கள் எடைக்கு ஏற்பக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். ரொம்பவும் இறக்கினால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கொத்தினது போல அடுத்தடுத்து ரெண்டு ஓட்டை விழும்.

காரில் ஏற்ற முன்சக்கரத்தைக் கழற்றினோம். இங்கேதான் ஒரு பாடம். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் (கம்பி இழுக்காமல், திரவ அழுத்தத்தில் பிடிப்பது) இருந்தால், சக்கரம் இல்லாதபோது பிரேக் பிடியைத் தொடவே கூடாது. எங்களில் ஒருத்தி பின்சீட்டில் உட்கார்ந்து, தூக்கக் கலக்கத்தில் அதை ரெண்டு மூணு தடவை அழுத்தியிருக்கிறாள். சக்கரத்தோடு சுற்றும் தட்டுதான் டிஸ்க்; அது நடுவில் இல்லாததால், அதைக் கவ்விப் பிடிக்கும் ரெண்டு பேடும் ஒட்டிக்கொண்டன. தோப்பில் இறங்கி சக்கரத்தை மாட்டப் பார்த்தால் டிஸ்க் உள்ளே நுழையவில்லை. நான் ஸ்குரூடிரைவரை எடுத்தேன். பயிற்சியாளர் கையைத் தட்டிவிட்டார். இரும்பால் நெம்பினால் பேடு விண்டுவிடுமாம். டயர் கழற்றும் பிளாஸ்டிக் லீவரை நடுவில் விட்டு, மெதுவாக இரண்டு பக்கமும் தள்ளி விரித்தார். சக்கரத்தைக் கழற்றியதும் ஒரு மடித்த அட்டையைப் பேடுகளுக்கு நடுவே செருகியிருந்தால் இந்தப் பாடே இல்லை.

பையில்: ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், முழுவிரல் கையுறை, முழங்கால் காப்பு, தட்டையான அடிப்பாகம் உள்ள ஷூ. பஞ்சு போல அமுங்கும் ஓட்டப்பயிற்சி ஷூவில் பெடல் பிடி கிடைக்காது. பெங்களூர் 900 மீட்டருக்கு மேல் உள்ள ஊர். குளிர்காற்றில் வியர்ப்பதே தெரியாது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

3. கிளம்பும் நேரம்

ஐந்து மணி. வார இறுதியில் நந்திக்குப் போகிற கூட்டம் முழுக்க அதே சாலையில்தான். வழியில் தட்டு இட்லி ஒன்று போதும். மூன்று சாப்பிட்டவன் பத்து மணிக்கு மரத்தடியில் படுத்துக் கிடந்தான்.

4. ஏறுவதற்கு முன்

ஹெல்மெட் புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் உட்கார வேண்டும். தாடைக்குக் கீழே வார் ஒரு விரல் நுழையும் அளவுக்கு. சீட்டை நன்றாக இறக்குங்கள். எந்தக் கை எந்தப் பிரேக் என்று பாருங்கள். நம்மூரில் பெரும்பாலும் வலக்கை முன்பிரேக். வாடகை வண்டியில் மாறியிருக்கலாம். நின்றபடி ஒரு பிடியை மட்டும் அழுத்தி வண்டியைத் தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

5. நிற்கப் பழகுதல்

முதல் ஒரு மணி நேரம் சமதளத்தில் இது மட்டும்தான். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில். சீட்டில் உட்காராமல் எழுந்து, முழங்கால் மடக்கி, குதிகாலைச் சற்றுக் கீழே அழுத்தி. முழங்கை, பருந்தைப் பார்த்த தாய்க்கோழி இறக்கையை விரிக்கிற மாதிரி வெளியே. கைப்பிடியை இறுக்கக் கூடாது. வண்டி கல்லில் ஏறி இறங்கட்டும். ஆட்டம் காலோடும் கையோடும் நின்றுவிடும், தலை வரை வராது. சொல்வது சுலபம். இருபதாவது நிமிஷத்தில் தொடை நடுங்கும்.

6. பிரேக்

ஆள்காட்டி விரல் ஒன்றே போதும், மற்ற மூன்றும் கைப்பிடியில். பயிற்சியாளர் மண்ணில் ஒரு கோடு போட்டு, முதலில் பின்பிரேக்கை மட்டும் பிடிக்கச் சொன்னார். சக்கரம் வழுக்கிக்கொண்டே போனது. அப்புறம் முன்பிரேக் மட்டும், மெதுவாக. பாதி தூரத்தில் வண்டி நின்றது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்கிறது. அழுத்தம் கூடுவதால் முன்சக்கரத்துக்குப் பிடிமானமும் கூடுகிறது. ஆனால் வெடுக்கென்று பிடித்தால் கைப்பிடிக்கு மேலே பறக்க வேண்டியதுதான். அதனால் இரண்டையும் சேர்த்து, நிதானமாக, இடுப்பைப் பின்னால் தாழ்த்தியபடி. வளைவு என்றால் திரும்புவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

இந்த விளையாட்டின் ஆரம்பகாலக் கதையும் பிரேக்கைப் பற்றியதுதான். 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சிலர் தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களில் மலையிலிருந்து இறங்கிப் பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். ஒரு தடவை இறங்கியதும் சூட்டில் உள்ளே இருந்த கிரீஸ் எரிந்து புகைந்துவிடும், மறுபடி அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். இருபது வருஷத்தில், 1996 அட்லாண்டாவில், மவுன்டன் பைக் ஒலிம்பிக்ஸ் போட்டியாகிவிட்டது.

7. கண்

எங்கே பார்க்கிறீர்களோ வண்டி அங்கே போகும். இரண்டு குச்சி நட்டு நடுவே போகச் சொன்னார்கள். நான் குச்சியைப் பார்த்தேன், குச்சியில் மோதினேன். அடுத்த சுற்றில் 'அந்த உண்ணிச்செடியில் மட்டும் விழுந்துவிடக் கூடாது' என்று அதையே பார்த்துக்கொண்டு போனேன். உண்ணிமுள் கீறினால் அன்றைக்கு ராத்திரி குளிக்கும்போதுதான் முழுசாகத் தெரியும். "முந்தெ நோடி, முந்தெ நோடி" என்று பயிற்சியாளர் கன்னடத்தில் கத்திக்கொண்டே இருந்தார். முன்னால் பார், சக்கரத்தடியில் பார்க்காதே. குச்சிகளைத் தாண்டி நின்ற தைலமரத்தைப் பார்த்து ஓட்டினேன். குச்சி எப்போது கடந்தது என்றே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சின்னப் பாறைச் சரிவு. முதலில் நடந்து இறங்கி வழியைப் பாருங்கள். மனசு ஒப்பவில்லையென்றால் தள்ளிக்கொண்டு இறங்குங்கள். எங்களில் இரண்டு பேர் அப்படித்தான், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

8. திரும்பி வந்த பிறகு

வாட்டர் சர்வீஸ் கடையில் கொடுத்து வேகமாகப் பீய்ச்சி அடிக்க விடாதீர்கள், பேரிங்குக்குள் தண்ணீர் இறங்கிவிடும். வாளித் தண்ணீர், பழைய பல்துலக்கி போதும். செயின் காய்ந்ததும் செயினுக்கென்று விற்கும் எண்ணெயை ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு விட்டு, வழிவதைத் துணியால் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம் (எங்கள் வீட்டில் நடந்தது). எந்த எண்ணெயானாலும் டிஸ்க்கில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது; பட்டால் பிரேக் கீச்சிடும், பிடிக்காது. அதனால் செயின் வேலை முடியும் வரை பின்சக்கர டிஸ்க்கை ஒரு பாலிதீன் பையால் மூடி வையுங்கள்.