வளவில் ராப்: ஆடுதளம் காலியாகாமல் இருக்க

காரைக்குடிப் பக்கம் கல்யாண வரவேற்பைப் பல வீடுகளில் வளவிலேயே, அதாவது வீட்டு நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியிலேயே, வைக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல், கல் தூண், வழவழத்த சுண்ணாம்புச் சுவர் எல்லாம் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். டிஜேயாக நான் ராப் போட்டதும் பேஸ் (தாழ்ந்த ஒலி) மட்டும் குமுறியது; ஒரு வரிகூடப் புரியவில்லை, ஆடுகிறவர்கள் கலைந்தார்கள்.

பேஸ் ஸ்பீக்கரான சப் ஊஃபரை மூலையிலிருந்து நகர்த்தி முற்றத்து ஓரம் வைத்தேன். மூலையில் பேஸ் பெருகும். ஒலியில் 250 ஹெர்ட்ஸ் பகுதியை 3 டெசிபல் குறைத்ததும் சொல் தெளிந்தது.

அதைவிட முக்கியம் பாட்டுத் தேர்வு. 90 முதல் 105 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை தாளத் தட்டு) வேகத்தில் எடுங்கள். ட்ராப் (ராப்பில் ஒரு வகை) பாட்டை மென்பொருள் 140 என்று காட்டும், கால் அதை 70 ஆகத்தான் உணரும். பட்டுச்சேலைக்காரர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள். 96 பிபிஎம்மில் எட்டு பார் (ஒரு பாருக்கு நான்கு தட்டு) முன்னிசை என்றால் 20 வினாடி. அவ்வளவு நேரம் யாரும் காத்திருக்க மாட்டார்கள், பாதியாக வெட்டுங்கள்.

பட்டாலையில், அதாவது உயர்ந்த திண்ணையில், ஆச்சிமார் உட்கார்ந்திருப்பார்கள். ரேடியோ எடிட் (வானொலிக்கான பதிப்பு) என்று போட்டிருந்தாலும் கடைசி வரி வரை கேளுங்கள். கெட்ட வார்த்தையை மட்டும் அமுக்கியிருப்பார்கள், பொருள் அப்படியே இருக்கும்.

இரண்டு ராப்புக்கு ஒரு குத்து. கூட்டம் தளர்ந்தால் 1994-இல் வந்த ‘பேட்டை ராப்’ போடுங்கள், மாமாமாரும் இறங்கிவிடுவார்கள்.