ஷாஃப்ட் முறுகுகிறதா? விட்டத்தைப் பாருங்கள்

பெங்களூரு பீனியாவில் பட்டறை நடத்தும் நம்மவர்களுக்காக இந்தக் குறிப்பு. நீளமான ஷாஃப்ட் லோடு ஏறும்போது முறுகுகிறது என்றால், "இஎன்8 (சாதாரண கார்பன் எஃகு) வேண்டாம், இஎன்24 (அதைவிட வலிமையான கலப்பு எஃகு) போடு" என்று உடனே யோசனை வரும். செலவுதான் ஏறும், முறுக்கம் குறையாது. முறுகும் கோணம் எஃகின் வலிமையைப் பொறுத்ததல்ல, விறைப்பைப் பொறுத்தது. அந்த விறைப்புக் குணகம் எந்த எஃகுக்கும் ஏறக்குறைய 80 ஜிகா பாஸ்கல்தான்.

விட்டத்தைக் கூட்டுங்கள். 40 மி.மீ. ஷாஃப்ட்டை 44 ஆக்கினாலே முறுக்கம் சுமார் 32 சதவீதம் குறையும், ஏனென்றால் அது விட்டத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. பேரிங், கப்ளிங் அளவும் கூடவே மாறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டார்க், அதாவது ஷாஃப்ட்டை முறுக்கும் விசையின் கணக்கு சுலபம்: கிலோவாட்டை 9550-ஆல் பெருக்கி ஆர்பிஎம்மால் வகுத்தால் நியூட்டன் மீட்டரில் விடை வரும். 3.7 கிலோவாட் மோட்டார் 1440 ஆர்பிஎம்மில் தருவது சுமார் 24.5. அதே மோட்டார் 20-க்கு 1 கியர்பாக்ஸ் தாண்டி 72 ஆர்பிஎம்முக்கு இறங்கினால், இழப்பைக் கழிக்காமல் சுமார் 490! மோட்டார் ஷாஃப்ட்டைப் பார்த்து வெளிப்பக்க ஷாஃப்ட்டுக்கு அளவு எடுப்பது ஆபத்து.

அப்புறம், ஷாஃப்ட் மேல் நீளவாக்கில் பெயிண்டால் ஒரு நேர்க்கோடு போட்டு வையுங்கள். மெஷினை நிறுத்தி லோடை எடுத்த பிறகும் கோடு சாய்ந்தே இருந்தால் ஷாஃப்ட் நிரந்தரமாக முறுகிவிட்டது, வலிமையே போதவில்லை. பதப்படுத்திய இஎன்24 உதவுவது அங்கேதான்.