உறவினர் கடனில் உங்கள் கையெழுத்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஒரு கையெழுத்துதானே, தவணையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று தம்பியோ மச்சானோ கேட்டால் மறுப்பது கடினம். அப்படிக் கேட்கும் பெரும்பாலோர் ஒழுங்காகக் கட்டும் எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் அவர் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினாலும், நீங்கள் கடன் வாங்கும் தகுதி குறைந்துவிடலாம். அவர் கட்டாமல் போனால்தான் நமக்குப் பிரச்சினை என்று நினைப்பதுதான் முதல் தவறு.

சிங்கப்பூரில் தம்பி கொண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) வாங்குகிறார், வருமானம் போதவில்லை, நீங்கள் கூட்டுக் கடனாளியாகச் சேர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிப்படி, வீட்டுக் கடன் வாங்குபவரின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை அவருடைய மொத்த வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. சம்பளம் 5,000 வெள்ளி என்றால் வரம்பு 2,750. தம்பியின் 1,800 வெள்ளித் தவணை முழுவதும் உங்கள் கணக்கில் ஏறினால், உங்கள் வீடு, கார், கடனட்டை எல்லாவற்றுக்கும் சேர்த்து மிஞ்சுவது 950தான்.

இதைவிடப் பெரிய அடி முன்பணத்தில் விழும். அந்தக் கடன் முடிவதற்குள் நீங்கள் வங்கிக் கடனில் வீடு வாங்கப் போனால், அது உங்களுடைய இரண்டாவது வீட்டுக் கடன். முதல் கடனுக்குப் பொதுவாக வீட்டு விலையில் 75 விழுக்காடு வரை கிடைக்கும், இரண்டாவதற்கு 45தான். ரொக்கமாகக் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகையும் 5 விழுக்காட்டிலிருந்து 25 ஆகிவிடும். 600,000 வெள்ளி வீட்டுக்கு 30,000 வெள்ளி ரொக்கம் போதும் என்று கணக்குப் போட்டவர் 150,000 வெள்ளிக்கு எங்கே போவார்? இன்னும் சில ஆண்டுகளில் கல்யாணம், வீடு என்று திட்டம் வைத்திருக்கும் இளையர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் பேனாவைத் தொடவே கூடாது. கடன் பத்திரத்தோடு வீட்டு உரிமையிலும் பெயர் சேர்ந்தால், அடுத்து வாங்கும் வீட்டுக்குக் குடிமக்கள்கூட 20 விழுக்காடு கூடுதல் முத்திரை வரி கட்ட வேண்டியிருக்கும்.

"நான் கூட்டுக் கடனாளி இல்லை, வெறும் ஜாமீன்தான்" என்று நிம்மதியாக இருப்பது அடுத்த தவறு. வீட்டுக் கடனில் முதன்மைக் கடனாளி அந்த 55 விழுக்காட்டு வரம்புக்குள் வராவிட்டால், ஜாமீன் நிற்பவரை வங்கி கூட்டுக் கடனாளியாகவே சேர்க்க வேண்டும். மற்ற கடன்களில் ஜாமீன் பத்திரத்தை வரி வரியாகப் படியுங்கள். சில பத்திரங்கள் இன்றைய கடனோடு நிற்காமல், அதே வங்கியில் அவர் இனி வாங்கும் கடனுக்கும் உங்களைப் பொறுப்பாக்கும். ஒரு தொகையோடு ஜாமீனை நிறுத்த முடியுமா என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள், அப்புறம் கேட்டுப் பயனில்லை.

கல்விக் கடனுக்கு மாமா, சித்தப்பா ஜாமீன் நிற்பது நல்ல காரியம்தான். ஆனால் பல கல்விக் கடன்களில் தவணை தொடங்குவது படிப்பு முடிந்த பிறகுதான். கையெழுத்துப் போட்டதே மறந்துபோன காலத்தில் கடிதம் வரும்.

அப்புறம், தவணை விவரம் தெரியாமலே இருந்துவிடுவது. ஒவ்வொருவரின் கடன் வரலாற்றையும் தொகுக்கும் கிரெடிட் பீரோ சிங்கப்பூரின் அறிக்கையில் கடந்த 12 மாதத் தவணை வரலாறு இருக்கும். மதிப்பெண் 1,000 முதல் 2,000 வரை (கூடினால் நல்லது), தரம் ஏஏ (சிறந்தது) முதல் எச்எச் வரை. கூட்டுக் கடனில் தம்பி தாமதித்தால் அந்தக் கறை உங்கள் அறிக்கையிலும் படியும். கணக்கைப் பார்க்கும் வசதியைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குங்கள். புதிய கடனுக்கோ அட்டைக்கோ விண்ணப்பித்து முடிவு வந்தால், 30 நாளுக்குள் உங்கள் அறிக்கையை இலவசமாகப் பெறலாம்.

நினைத்த நேரத்தில் பெயரை எடுத்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். வங்கி சம்மதிக்க வேண்டும், அதற்கு மற்றவரின் வருமானம் தனியாகவே போதுமானதாக இருக்க வேண்டும். தவணை ஏற்கெனவே தடுமாறுகிறது என்றால், உறவினரோடு சேர்ந்து உடனே வங்கியிடம் பேசுங்கள். கடனட்டை, தனிநபர்க் கடன் என்று பல இடங்களில் பாக்கி இருந்தால் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் அமைப்பு வழிகாட்டும். பாக்கி 15,000 வெள்ளியை எட்டினால், கடன் கொடுத்தவர் உங்கள்மீதும் நொடிப்பு வழக்குத் தொடுக்க முடியும்.