வலைநூலில் ஒடுக்கற்பிரிவு: நிறமூர்த்தங்கள் சோடி சேர்வது எப்படி?

ஒடுக்கற்பிரிவு, அதாவது முட்டையும் விந்தும் உருவாகும்போது நடக்கும் இருகட்டக் கலப்பிரிவு, படிக்கும் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். எக்ஸ் வடிவில் நிற்கும் நிறமூர்த்தத்தை (டிஎன்ஏயைத் தாங்கும் குரோமோசோமை) பார்த்து, "இதுதானே சோடி?" என்பார்கள். இல்லை. அது ஒரே நிறமூர்த்தம் இரட்டித்து நிற்பது. கையால் செய்து பார்த்தால் இந்தக் குழப்பம் தீரும்.

திருகோணமலையில் இருப்பவர்கள் இதற்குப் பொருள் தேடி அலைய வேண்டாம். மீன்பிடிச் சாமான் கடையில் பச்சையும் நீலமுமாய்த் தடித்த நைலோன் வலைநூல் வாங்குங்கள். வெட்டிய நுனியை மெழுகுதிரிச் சுவாலையில் ஒரு கணம் காட்டினால் உருகிக் குமிழாகும், பிறகு பிரியாது.

படி 1. ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சாண் நீளத்தில் இரண்டு, அரைச் சாணில் இரண்டு. ஒரே நிறமும் நீளமும் கொண்ட இரண்டை நடுவில் சேர்த்துக் கட்டி, கட்டின் இருபுறமும் நீளும் நூல்களை, அதாவது நிறமூர்த்தத்தின் கைகளை, கயிறு திரிப்பதுபோல் முறுக்குங்கள். பிரிவு தொடங்குமுன்பே டிஎன்ஏ இரட்டித்துவிட்டது என்பதற்கு அடையாளம் இது. பச்சை தாயுடையது, நீலம் தந்தையுடையது. மேசையில் இப்போது நான்கு நிறமூர்த்தங்கள். மனிதக் கலத்தில் 46.

படி 2. நீளப் பச்சைக்கு அருகே நீள நீலம், குட்டைக்குக் குட்டை. இதுதான் சோடி.

கண்ணில்லாத கலத்துக்குள் இவை எப்படித் தேடிப் பிடிக்கின்றன? இந்தப் பாடத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. முதலாம் முன்னவத்தையில், அதாவது முதற்பிரிவின் தொடக்கக் கட்டத்தில், நிறமூர்த்த நுனிகள் கருவுறையில் ஒட்டி அங்குமிங்கும் இழுபடும். கலம் தன் டிஎன்ஏயைத் தானே பல இடங்களில் வெட்டும். வெட்டுப்பட்ட நுனி தன்னைப் போன்ற வரிசையைத் துழாவி, சோடியில் கண்டு பற்றிக்கொள்ளும். பிறகு இரண்டுக்கும் நடுவே புரதங்கள் சிப் இழுத்ததுபோல் பூட்டுகின்றன. 1956இல் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் தெரிந்த அமைப்பு அது. ஆண்களின் பால் நிறமூர்த்தங்களான எக்ஸும் வையும் மட்டும் நுனிகளில்தான் ஒட்டும்.

படி 3. குறுக்குப் பரிமாற்றம். நீளச் சோடியின் ஒரு கையில், ஒரே உயரத்தில், ஒரு பச்சை நூலையும் ஒரு நீல நூலையும் வெட்டி, மாற்றி முடிச்சிடுங்கள். முறுக்கைக் குலைக்க வேண்டாம்.

படி 4. இரு நடுக்கட்டுகளையும் எதிரெதிரே இழுங்கள். பிரியாது! முடிச்சும் முறுக்கும் சேர்ந்து பிடிக்கின்றன. கலத்திலும் கதிர்நார்கள் எனும் புரத இழைகள் இழுக்க, சோடி இப்படித்தான் இறுகி நிற்கும். பரிமாற்றம் நடக்காத சோடிக்கு இந்தப் பிடிமானம் இல்லை. இரண்டும் ஒரே பக்கம் போய்விடலாம். 21ஆம் நிறமூர்த்தத்தில் அப்படி நேர்ந்தால் டவுன் கூட்டறிகுறி வரலாம்.

படி 5. கைகளின் முறுக்கை மட்டும் அவிழுங்கள். இப்போது சோடி பிரியும்; இது முதலாம் பிரிவு. இரண்டாம் பிரிவுக்கு நடுக்கட்டுகளையும் அறுங்கள். நீளச் சோடியிலிருந்து நான்கு நூல்கள்: ஒன்று முழுப் பச்சை, ஒன்று முழு நீலம், மற்ற இரண்டிலும் முடிச்சுக்கு இப்பால் ஒரு நிறம், அப்பால் இன்னொரு நிறம்.