செகண்ட் ஹேண்டுக்குப் பயப்பட வேண்டாம், டூப்ளிகேட்டுக்குப் பயப்படுங்கள்: பைக் பார்ட்ஸ் வாங்கும் முறை

போன மழைக்காலத்தில் என் பைக்கின் பின்சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்தேன். டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் பட்டையான பிரேக் லைனர் தனியாகக் கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. அது ஒட்டியிருந்த அலுமினிய ஷூவின் முதுகைப் பார்த்தால், நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மட்டும் பழுப்பு நிறத்தில் பசை. சுற்றிலும் வெறும் உலோகம். அந்த நாணய அளவுப் பசையை நம்பித்தான் இரண்டு மாதம் வண்டி ஓட்டியிருக்கிறேன். முந்தின நாள் இரவு பிரேக்கை மிதித்தபோது 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டு, சக்கரம் ஒரு கணம் இறுகி, வண்டி பக்கவாட்டில் இழுத்தது. பின்னால் எதுவும் வரவில்லை, தப்பித்தேன்.

அந்த ஷூ வந்த டப்பாவில் கம்பெனி பெயர் அழகாக அச்சாகியிருந்தது. ஆனால் அது டூப்ளிகேட். அதே வண்டியில் இருக்கும் முன் மட்கார்டும் வலது கை சுவிட்சும் சென்னை புதுப்பேட்டையில் வாங்கிய பழைய பொருட்கள். நான்கு வருடமாக ஒரு குறையும் இல்லை. பழைய பொருள் தன் தேய்மானத்தைத் தானே காட்டிவிடும், பார்க்கத் தெரிந்தால் போதும். டூப்ளிகேட் அப்படி இல்லை, அது புதுசு மாதிரியே இருந்து ஏமாற்றும். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வழியை முதல்முறை பார்ட்ஸ் வாங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கடையில் புழங்கும் வார்த்தைகள். 'கம்பெனி பார்ட்ஸ்' என்றால் வண்டி கம்பெனியின் டப்பாவிலேயே வருவது. 'வேற பிராண்ட்' என்றால் பார்ட்ஸ் செய்யும் நிறுவனம் தன் சொந்தப் பெயரில் விற்பது. கோயம்புத்தூர் எல்.ஜி.பி. நிறுவனத்தின் ரோலான் செயின் இதற்கு நல்ல உதாரணம். இப்படிப்பட்ட பிராண்டுகளை நம்பி வாங்கலாம். 'லோக்கல்' என்பது பெயர் தெரியாத தயாரிப்பு. தரம் எப்படியும் இருக்கலாம், ஆனால் யாருடைய பெயரையும் அது திருடவில்லை. 'டூப்ளிகேட்' என்பது அடுத்தவர் பெயரைத் தன் டப்பாவில் போட்டுக்கொண்டு வருவது. கடைக்காரர் 'ஃபர்ஸ்ட் காப்பி' என்றாலும் பொருள் இதுதான்.

படி 1: இது போனால் வண்டி நிற்குமா, ஆள் விழுவாரா?

எந்தப் பொருளை வாங்கும் முன்பும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். ஹாரன் போனால் ஹாரன் இல்லை, அவ்வளவுதான். சிடிஐ (ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் மின் பெட்டி) போனால் வண்டி நிற்கும், தள்ளிக்கொண்டு போகலாம். பிரேக் ஷூ, பிரேக் பேட், டிஸ்க் ஹோஸ் (டிஸ்க் பிரேக்கின் ஆயில் குழாய்), டயர், செயின், வீல் பேரிங், ஆக்சிலேட்டர் கேபிள் போன்றவை போனால் ஆள் விழுவார். செயின் அறுந்து சக்கரத்தில் சிக்கினால் வண்டி அங்கேயே பூட்டிக்கொள்ளும். ஆக்சிலேட்டர் கேபிளில் பிசிறு எழுந்து உள்ளே மாட்டிக்கொண்டால் கையை விட்டாலும் வேகம் குறையாது.

ஆள் விழும் பட்டியலில் உள்ள எதையும் பழையதாக வாங்காதீர்கள். புதிதாக, கம்பெனி பார்ட்ஸாகவோ நல்ல பிராண்டாகவோ மட்டும் வாங்குங்கள். ஆயில் சீல், கேஸ்கட் போன்ற ரப்பர், பேப்பர் பொருட்களும் புதிதுதான். அவற்றால் ஆபத்து குறைவு, ஆனால் ஒரு முறை உட்கார்ந்து எழுந்த சீல் மறுபடி சரியாக உட்காராது.

பழையதாகத் தாராளமாக வாங்கக்கூடியவை: சைடு பேனல், டேங்க், மட்கார்டு, ஹெட்லைட் டூம், சென்டர் ஸ்டாண்டு, ஃபுட்ரெஸ்ட், சுவிட்ச் செட், கிளட்ச் கவர், கார்புரேட்டர் பாடி. யமஹா ஆர்எக்ஸ் 100 மாதிரி தயாரிப்பு 1996-லேயே நின்றுபோன வண்டிகளுக்கு வேறு வழியும் இல்லை. அதற்கு வரும் புது காப்பி மேக்னெட்டை (வண்டிக்கு மின்சாரம் தரும் பாகம்) விட, தேய்மானம் பார்த்து வாங்கிய பழைய ஒரிஜினல் மேக்னெட் எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

படி 2: பார்ட் நம்பரைக் கண்டுபிடியுங்கள்

'ஸ்பிளெண்டருக்கு கிளட்ச் கேபிள் கொடுங்க' என்று கேட்டால் கடைக்காரர் கைக்கு எது வருகிறதோ அதைக் கொடுப்பார். பார்ட் நம்பரோடு கேட்டால் பேச்சே மாறிவிடும். பெரும்பாலான கம்பெனிகளின் பார்ட்ஸ் கேட்டலாக் இணையத்தில் கிடைக்கும். இல்லாவிட்டால் சர்வீஸ் சென்டர் கவுன்டரில் வண்டி நம்பரைச் சொல்லிக் கேளுங்கள், சொல்வார்கள்.

ஹோண்டா நம்பரில் முதல் ஐந்து இலக்கம் என்ன பொருள் என்பதைச் சொல்லும்: 13101 என்றால் பிஸ்டன், 22870 என்றால் கிளட்ச் கேபிள். நடுவில் வரும் மூன்று எழுத்து எந்த மாடல் என்பதைச் சொல்லும். ஹீரோ 1984 முதல் ஹோண்டாவோடு சேர்ந்து இருந்ததால் அதன் வண்டிகளிலும் இந்த முறையைப் பார்க்கலாம். டப்பாவில் உள்ள முதல் ஐந்து இலக்கமே பொருந்தவில்லை என்றால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அப்புறம், பழைய பொருளைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். போட்டோ மட்டும் போதாது. நீளம், துளை, பல் எண்ணிக்கை எல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

படி 3: டப்பாவைப் படியுங்கள்

பாக்கெட்டில் அடைத்து விற்கும் பொருளில் தயாரிப்பாளர் அல்லது பேக் செய்தவர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., மாதம், வருடம், வாடிக்கையாளர் புகாருக்கான விவரம் எல்லாம் இருக்க வேண்டும் என்பது 2011-ம் ஆண்டு பேக்கேஜ் விதி. டூப்ளிகேட் டப்பாவில் லோகோ பெரிதாக இருக்கும், முகவரி இருக்காது. இருந்தாலும் எழுத்துப்பிழையோடு இருக்கும். கியூஆர் கோடு இருந்தால் ஸ்கேன் செய்யுங்கள். அது எந்தத் தளத்துக்குப் போகிறது என்று பார்ப்பது முக்கியம். கம்பெனியின் சொந்தத் தளமா, வேறு ஏதோ முகவரியா?

ஹாலோகிராம் ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம், அதையும் அச்சடிக்கிறார்கள். விலைதான் பெரிய தடயம். கம்பெனி பார்ட்ஸில் எம்.ஆர்.பி.யிலிருந்து கொஞ்சம் தள்ளுபடி தரலாம், பாதி விலைக்குத் தர முடியாது. 'பில் வேண்டாம் என்றால் இன்னும் குறைத்துத் தருகிறேன்' என்றால் கண்டிப்பாக பில் கேளுங்கள்.

படி 4: பொருளையே கையில் எடுத்துப் பாருங்கள்

பிரேக் ஷூவை ஒதுக்குப்புறமாக வைத்துப் பார்க்காதீர்கள், வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். லைனரும் ஷூவும் சேரும் கோட்டில் விளிம்பு முழுக்க நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எந்த இடத்திலாவது உள்ளே இறங்கினால் வேண்டாம். பசை ஓரத்தில் வழிந்து திட்டுத்திட்டாக நின்றாலும் வேண்டாம். பிறகு இரண்டு ஷூவையும் ஒன்றோடொன்று முதுகு சேர்த்துப் பிடியுங்கள், லைனர் தடிமன் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நல்ல லைனரின் ஓரத்தில் பெரும்பாலும் ஏதாவது எண்ணோ குறியோ அச்சாகியிருக்கும். நான் வாங்கியதில் எதுவும் இல்லை. அன்று எனக்கு அதைப் பார்க்கத் தெரியாது.

செயினுக்கு ஸ்கேல் எடுத்துப் போங்கள். நம் ஊரில் தினசரி ஓட்டும் கம்யூட்டர் பைக்குகளில் அதிகம் வரும் 428 செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் 12.7 மி.மீ. இழுத்துப் பிடித்து 20 கண்ணி அளந்தால் 254 மி.மீ. வர வேண்டும். புதுச் செயினே இரண்டு மூன்று மி.மீ. கூட வந்தால் அது போட்ட நாளிலிருந்தே தளர்ந்துகொண்டிருக்கும். அதோடு, செயினை மட்டும் மாற்றாதீர்கள், முன் பின் ஸ்பிராக்கெட்டோடு (செயின் ஓடும் பல்சக்கரம்) செட்டாகவே மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயினை ஓட்டினால் அந்தச் செயினும் சீக்கிரம் போய்விடும்.

பேரிங்கில் எண் பொறித்திருக்கும். நிறைய பைக்குகளின் சக்கரத்தில் வரும் 6301-ன் அளவு உள்விட்டம் 12, வெளிவிட்டம் 37, அகலம் 12 மி.மீ. வெர்னியர் என்ற அளவுக் கருவியில் அளந்து பாருங்கள். துணியில் கொஞ்சம் தின்னர் தொட்டு எண்ணைத் தேய்த்தால், அச்சடித்த எழுத்து அழிந்துவிடும், பொறித்தது அழியாது. உள் வளையத்தை விரலால் சுற்றினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், கரகரப்பு இருக்கக் கூடாது.

ஸ்பார்க் பிளக்கில் நடு எலக்ட்ரோடு மையத்தில் இருக்கிறதா, வளைந்த எலக்ட்ரோடு அதற்கு நேர் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல பிளக்கின் வாஷர் கையால் திருகினால் கழன்று வராது. என்ஜின் ஆயிலில் மூடிச் சீல் முழுசாக இருக்க வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் பைக் என்றால் டப்பாவில் 'ஜேசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்ற, பைக் கிளட்ச்சுக்கு ஏற்ற ஆயில் என்பதைக் காட்டும் தரக்குறி இருக்க வேண்டும். கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கலாம்.

படி 5: பழைய பார்ட்ஸ் கடையில்

எழும்பூர் பக்கம், கூவத்தின் கரையில் இருக்கும் புதுப்பேட்டைக்குப் போனால் முதல் நாள் தலை சுற்றும். குவியல் குவியலாக என்ஜின், டேங்க், ஃபோர்க். அவசரப்படாதீர்கள். ஒரு டார்ச், ஒரு காந்தம், ஒரு சாக்பீஸ், ஒரு துணி, கொஞ்சம் டீசல். இவை போதும்.

டேங்க் வாங்கினால் காந்தத்தைத் துணியில் சுற்றி மேற்பரப்பு முழுக்க நகர்த்துங்கள். காந்தம் ஒட்டாமல் நழுவும் இடத்தில் பட்டி போட்டிருக்கிறார்கள், அதற்குக் கீழே நசுங்கலோ ஓட்டையோ இருக்கும். மூடியைத் திறந்து டார்ச் அடித்து அடிப்பகுதியைப் பாருங்கள். லேசான பழுப்பு என்றால் சுத்தம் செய்துகொள்ளலாம். செதில் செதிலாக உரிந்து வந்தால் விட்டுவிடுங்கள், அந்தத் துரு அடுத்த வாரமே கார்புரேட்டருக்கு வந்துவிடும்.

முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் பைப்பைக் கண்ணாடி மேஜை அல்லது சமமான தரையில் உருட்டுங்கள். வளைந்திருந்தால் தடக் தடக் என்று ஏறி இறங்கும். 'பெண்ட் எடுத்துக் கொடுக்கிறேன்' என்பார்கள், வேண்டாம். வளைந்த ஃபோர்க்கும் ஆளை விழ வைக்கும்.

கிளட்ச் கவர், கிராங்க் கேஸ் (என்ஜினின் வெளிக்கூடு) போன்ற அலுமினியப் பொருளில் விரிசல் பார்க்கத்தான் டீசலும் சாக்பீசும். முதலில் துடைத்துவிட்டு, போல்ட் துளைகளைச் சுற்றி டீசல் தடவி ஐந்து நிமிடம் விடுங்கள். நன்றாகத் துடைத்து, சாக்பீஸைப் பொடியாக்கித் தூவுங்கள். விரிசல் இருந்தால் அதற்குள் போயிருக்கும் டீசல் மெதுவாக வெளியே ஊறி, வெள்ளைப் பொடியில் தலைமுடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு எழும்பும். பார்க்கப் பார்க்க வரும். ஒரு மெக்கானிக் அண்ணன் எனக்கு இதைக் கடை வாசலிலேயே செய்து காட்டினார். அன்று நான் வாங்க இருந்த கவரில் அந்தக் கோடு மூன்று அங்குலம் ஓடியது.

கிராங்க் கேஸில் என்ஜின் நம்பர் இருக்கும், ஃபிரேமின் ஹேண்டில்பார் கழுத்துப் பகுதியில் சேஸிஸ் நம்பர் இருக்கும். இந்த இரண்டு நம்பரும் அந்தப் பொருள் வந்த வண்டியின் ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். நம்பரைச் சுரண்டியிருந்தாலோ மேலே மறுபடி அடித்திருந்தாலோ தொடவே தொடாதீர்கள். திருட்டு வண்டியாக இருந்தால், தெரிந்தே வாங்கியவருக்கு 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. வேறு என்ஜின் மாட்டினால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் மாற்ற வேண்டும். கடையில் பில்லும், முடிந்தால் பழைய வண்டியின் விவரமும் கேட்டு வாங்குங்கள்.

படி 6: மாட்டிய பிறகு

பிரேக் ஷூ மாற்றியவுடன் நெரிசலான ரோட்டுக்குப் போகாதீர்கள். காலியான தெருவில் 20 கி.மீ. வேகத்தில் பத்து முறை மிதித்து நிறுத்திப் பாருங்கள். 100 கி.மீ. ஓடியதும் டிரம்மை ஒருமுறை திறந்து, லைனர் இருந்த இடத்தில் அசையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊத வேண்டாம், பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள்.

படி 7: டூப்ளிகேட் என்று தெரிந்தால்

பொருள், டப்பா, பில் மூன்றையும் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். வண்டி கம்பெனிக்கும் படத்தோடு எழுதுங்கள். போலி வர்த்தகக் குறியோடு பொருள் விற்பது 1999 வர்த்தகக் குறிகள் சட்டத்தில் குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம்.

இன்னொரு வேலை இருக்கிறது, இதைப் பலரும் செய்வதில்லை. ஒரிஜினல் பார்ட்ஸ் வந்த டப்பாவை முழுதாகக் குப்பையில் போடாதீர்கள், அதிலேயே டூப்ளிகேட்டை அடைத்து விற்றுவிடலாம். லேபிளையும் ஹாலோகிராமையும் குறுக்காகக் கிழித்துவிட்டுப் போடுங்கள். ஆயில் டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டை போடுங்கள். பழைய பிரேக் ஷூவின் மேல் பெயின்டால் பெரிதாகக் குறுக்குக் கோடு போட்டுவிடுங்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசி பறக்கலாம் என்பதால் லைனரை அறுக்க வேண்டாம். மெக்கானிக் கடையில் வேலை கொடுத்தாலும், மாற்றிய பழைய பொருளையும் டப்பாவையும் கேட்டு வாங்கி வந்து வீட்டில் இதைச் செய்யுங்கள்.