தேய்ந்த வெனிஸ் வெள்ளிக் காசை அடையாளம் கண்ட விதம்

கிரேக்கத்தின் பெலொப்பொனீஸ் பகுதியில் ஓர் அகழாய்வில் வேலை பார்த்தபோது, இரு பக்கமும் மழுங்கிய வெள்ளிக் காசு ஒன்று என் மேசைக்கு வந்தது. எடை 2 கிராமுக்குக் கொஞ்சம் மேல், அகலம் சுமார் 20 மி.மீ. முழு எடை 2.18 கிராம் உள்ள குரோஸ்ஸோ என்ற பழைய வெனிஸ் வெள்ளிக் காசாக இருக்கலாம் என்று தோன்றியது.

தேய்த்துச் சுத்தம் செய்யவே கூடாது. செல்போன் டார்ச்சைக் காசின் விளிம்போரம் தாழ்வாகப் பிடித்து, காசைத் திருப்பித் திருப்பிப் படம் எடுத்தேன். ஒரு பக்கம் அரியணையில் இயேசு. மறுபக்கம் நடுவில் கொடிக்கம்பு, இருபுறமும் இருவர். புனித மாற்கு டோஜிடம், அதாவது வெனிஸ் ஆட்சித் தலைவரிடம், கொடியைத் தருகிறார். சரி, குரோஸ்ஸோதான் என்று முடித்துவிட முடியாது. செர்பிய மன்னர்களும் இதே மாதிரியில் காசு அடித்தார்கள். எரிச்சலான வெனிஸ் 1282-இல் அவற்றுக்கு எதிராகச் சட்டமே போட்டது.

கம்பை ஒட்டி மேலிருந்து கீழாக மூன்று லத்தீன் எழுத்துகள் இருக்கும். வெனிஸ் காசில் ‘டுக்ஸ்’ (DVX, தலைவர்), செர்பியக் காசில் ‘ரெக்ஸ்’ (REX, மன்னர்). முதல் எழுத்து போயேவிட்டது. கடைசி எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. நல்லவேளை, நடு எழுத்தின் இரண்டு சாய்கோடுகளும் கீழே சேர்வது நிழலில் தெரிந்தது. ஆக, டுக்ஸ். அப்புறம் இடது ஓரத்தில் ‘ஜெனோ’ என்ற பெயரின் பின்பாதி கிடைத்தது. 1253 முதல் 1268 வரை ஆண்ட டோஜ் ரனியேரி ஜெனோவின் காசு.