பிடித்த பாட்டை பியானோவில் வாசிக்கத் தொடங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பக்கம் கீபோர்டு வாங்குகிற வீடுகளில் பெரும்பாலும் இரண்டு ஆசைகளில் ஒன்று இருக்கும். ஞாயிறு ஆராதனையில் பாடகர் குழுவோடு உட்கார்ந்து வாசிக்க வேண்டும். இல்லையென்றால் காதில் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு சினிமாப் பாட்டை முழுசாக வாசித்துக் காட்ட வேண்டும். இரண்டுமே நல்ல ஆசைகள். ஸ்கேலும் பயிற்சிப் பாடமும் முடியட்டும், பாட்டெல்லாம் அப்புறம் என்று நான் சொல்ல மாட்டேன். தினமும் கீபோர்டு முன்னால் உட்கார வைப்பது பிடித்த பாட்டுதான். ஆனாலும் சில மாதங்களிலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். விரல் வராததுதான் காரணம் என்று அவர்களே நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் காரணம் வேறு: தங்கள் கைக்கு ஒத்துவராத அரேஞ்ச்மெண்டை, அதாவது பாட்டைப் பியானோவுக்கு மாற்றி எழுதிய வடிவத்தை, எடுத்திருப்பார்கள்.

சினிமாப் பாட்டு ஒன்றில் பாடகர் குரல், பேஸ் கிட்டார், தபலா, வயலின் எல்லாம் சேர்ந்து ஒலிக்கின்றன. அதை இரண்டு கைகளுக்குள் கொண்டுவருபவர் எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவுசெய்கிறார். ஒரே பாட்டுக்கு மிக எளிய வடிவமும் இருக்கும், பத்து வருடம் வாசித்தவர் மட்டுமே தொடக்கூடிய வடிவமும் இருக்கும். தொடங்குபவர்கள் முதல் வரியைப் பார்த்து 'இது முடியும்' என்று எடுத்துவிடுகிறார்கள். முதல் வரி எப்போதும் எளிதாகத்தான் இருக்கும். பல்லவி இரண்டாம் முறை வரும் இடத்தையும் கடைசிப் பக்கத்தையும் முதலில் பாருங்கள். வலக்கை ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சுரங்களை அழுத்துகிறதா? இடக்கை ஒரு ஆக்டேவுக்கு (ஒரு சி-யிலிருந்து அடுத்த சி வரை உள்ள தூரம்) மேல் தாவிக்கொண்டே இருக்கிறதா? இருந்தால் அந்த வடிவத்தை அடுத்த வருடத்துக்கு வைத்துவிட்டு, வலக்கையில் ஒற்றைச் சுரமாக மெட்டு மட்டும் வரும் வடிவத்தைத் தேடுங்கள்.

ஆராதனையில் வாசிக்க ஆசைப்படுபவர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. மேல்நாட்டு மெட்டில் பாடும் பாமாலைப் பாட்டு மெதுவாகப் போவதால் எளிது என்று தோன்றும். ஆனால் அது நான்கு குரல்களுக்கு எழுதப்பட்டது. சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் நான்கையும் இரண்டு கைகளில் பிடிக்க வேண்டும். ஏறக்குறைய ஒவ்வொரு தாளத் தட்டுக்கும் கார்டு, அதாவது ஒன்றாக அழுத்தும் சுரக் கூட்டு, மாறும். நம் மெட்டில் பாடும் கீர்த்தனை அப்படியல்ல. ஒரு வரி முழுக்க இரண்டு மூன்று கார்டுகளே போதும். அதனால் கீர்த்தனையில் தொடங்குங்கள். பாமாலை என்றால் மேல் குரலையும் கீழ்க் குரலையும் மட்டும் வாசியுங்கள். நடுவில் இருக்கும் இரண்டையும் பாடகர் குழு பாடிக்கொள்ளும்.

மேலிருந்து கீழே வண்ணக் கட்டங்கள் விழும் வீடியோக்களைப் பார்த்துப் பழகுவது இப்போது அதிகம். எந்தக் கீயை எப்போது அழுத்துவது என்பது அதில் தெரியும். எந்த விரல், எத்தனை தட்டு, எங்கே மூச்சு விடுவது என்பது தெரியாது. பாட்டு வரிகளுக்குக் கீழே சி, டி, ஈ என்று எழுதிவைத்துக்கொள்ளும் தாள்களும் அப்படித்தான். சுரத்தின் பெயர் இருக்கும், நீளம் இருக்காது. பாட்டு ஏற்கெனவே தெரியும் என்பதால் சமாளித்துவிடலாம். தெரியாத பாட்டு வந்தால் திண்டாட்டம். அந்தத் தாளிலேயே ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கோடு போடுங்கள், விரல் எண்ணையும் எழுதுங்கள். கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. ஒரு நாள் 2-ஆம் விரல், மறுநாள் 3-ஆம் விரல் என்று மாறினால் கை எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது.

பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இடக்கையில்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வலக்கையை முழுப்பாட்டுக்கும் பழகிவிட்டு, பிறகு இடக்கையைச் சேர்க்கப் பார்க்கிறார்கள். அதற்குள் வலக்கை வேகமாக ஓடப் பழகியிருக்கும். இடக்கை அதைப் பிடிக்கவே முடியாது. ஒரு வரியை வலக்கையில் பழகியதும் அந்த வரிக்கே இடக்கையைச் சேருங்கள். சேர்ப்பது ஒரே ஒரு சுரமாக இருக்கட்டும்: கார்டின் அடிச்சுரம் (கார்டுக்குப் பெயர் தரும் சுரம்), முதல் தட்டில் மட்டும். அது தடுமாறாமல் வந்தபின் முழுக் கார்டு.

முழுக் கார்டு வரும்போது அடுத்த தவறு. சி மேஜர், ஏ மைனர், எஃப் மேஜர், ஜி மேஜர் என்று நான்கையும் அடிச்சுரத்திலிருந்தே பிடித்தால் கை இங்கும் அங்கும் தாவும். இன்வர்ஷன், அதாவது அதே சுரங்களை வேறு வரிசையில் பிடிப்பது, தெரிந்தால் அந்தத் தாவலே வேண்டாம். சி-ஈ-ஜி பிடியுங்கள். ஜியை மட்டும் ஏவுக்கு நகர்த்தினால் சி-ஈ-ஏ, அது ஏ மைனர். ஈயை மட்டும் எஃப்புக்கு நகர்த்தினால் சி-எஃப்-ஏ, அது எஃப் மேஜர். பி-டி-ஜி பிடித்தால் ஜி மேஜர். நான்கு கார்டும் ஒரே இடத்தில் முடிந்துவிட்டன. எண்ணற்ற பாட்டுகள் இந்த நான்கைச் சுற்றியே ஓடுகின்றன. கார்டை மிகக் கீழே, இடது கோடிப் பக்கம் வைத்து வாசிக்காதீர்கள். அங்கே நெருக்கமான சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பும். நடு சி-க்குக் கீழே உள்ள ஆக்டேவில் கார்டு, அதற்கும் கீழே போனால் ஒற்றைச் சுரம் அல்லது ஆக்டேவ்.

நம் பாட்டுகளுக்கே உரிய ஒரு சிக்கல் கமகம். குரல் இரண்டு சுரங்களுக்கு நடுவே வளையும். பியானோவில் அந்த நடு இடத்துக்குக் கீ கிடையாது. அதை ஈடுகட்ட ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் பக்கத்துக் கீயைத் தட்டித் தட்டி வாசிப்பவர்கள் உண்டு. பாட்டு நொண்டும். நேரான சுரத்தை உறுதியாக, முழு நீளத்துக்கும் பிடியுங்கள். கேட்பவர் மனதில் வளைவு தானாக வந்துவிடும். முதல் பாட்டாகச் சங்கராபரண ராகத்தில் அமைந்த, அதிகம் வளையாத மெட்டை எடுத்தால் இன்னும் நல்லது. ஒரு கட்டைச் சுருதியில், அதாவது சி-யை ஸ-வாக வைத்தால், அது முழுக்க வெள்ளைக் கீ.

அந்தக் கட்டை விஷயத்திலும் ஒரு வார்த்தை. பாட்டு ஒன்றரைக் கட்டையில் (சி ஷார்ப்) இருந்தால் ஐந்து கறுப்புக் கீயும் வரும். தொடங்குபவர் அதைச் சி-க்கு மாற்றிப் பழகுவதில் தவறே இல்லை. சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒன்று ஏற்றிக்கொண்டால் பாடுபவரோடும் சேர்ந்துவிடலாம். ஆனால் வருடக்கணக்கில் அந்தப் பட்டனிலேயே இருந்துவிடக் கூடாது. அசல் பியானோவில் அது கிடையாது. சி வந்ததும் ஜி, அப்புறம் எஃப், டி என்று ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள்.

ஒலியை நீட்டும் சஸ்டெயின் பெடலை அழுத்தியபடியே வாசிப்பதையும் விடுங்கள். கார்டு மாறும் கணத்தில் பெடலை விட்டு, புதிய கார்டு ஒலித்ததும் மறுபடி அழுத்த வேண்டும். அது வரும்வரை பெடலே வேண்டாம்.

கருவியைப் பொறுத்தவரை 61 கீ போதும். 88 கீ கட்டாயம் என்று பயமுறுத்துபவர்களை நம்பி ஆறு மாதம் காத்திருக்காதீர்கள். ஆனால் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறையும் வசதி இருக்க வேண்டும்; அது இல்லாவிட்டால் மெட்டை மேலேயும் கார்டை மெல்லக் கீழேயும் வைக்கவே பழக முடியாது. தரையில் சம்மணமிட்டு மடியில் வைத்து வாசித்தால் மணிக்கட்டு மடங்கிவிடும். முழங்கை கீயின் உயரத்துக்கு வருகிற நாற்காலி தேவை. நம் ஊர் வெயிலில் மத்தியானம் விரல் வழுக்கும், மனமும் ஒட்டாது. விடியற்காலை இருபது நிமிடம் போதும். விடுதியில் இருப்பவர்களுக்கு ஹெட்போன் இருக்கிறது.

அந்த இருபது நிமிடத்தையும் பலர் முதல் வரியிலிருந்தே தொடங்கிச் செலவழிக்கிறார்கள். தப்பு வந்தால் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து. இப்படிப் பழகினால் முதல் வரி மட்டும் அருமையாக வரும். தடுக்குகிற இரண்டு கார்டுகளை மட்டும் எடுத்து, தாளத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50 தட்டில் வைத்து, தடுமாறாமல் வரும்வரை அதையே திருப்பித் திருப்பி வாசியுங்கள். பிறகு நான்கைந்து தட்டாக ஏற்றுங்கள். கடைசியாக ஒருமுறை முழுப்பாட்டையும் வாசிக்கும்போது தப்பு வந்தாலும் நிறுத்தாதீர்கள். பாடகர் குழு உங்களுக்காக நிற்காது. வலக்கை தொலைந்தாலும் இடக்கை அடிச்சுரத்தை முதல் தட்டில் விடாமல் போட்டுக்கொண்டிருந்தால், அடுத்த வரியில் மெட்டோடு சேர்ந்துகொள்ளலாம்.